மோட்டாரின் இரும்பிழப்பு: கணக்கில் 54 வாட், சோதனையில் 110 வாட். இடைவெளி எங்கிருந்து வருகிறது?

கணபதி_பட்டறை:

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் மூன்று ஃபேஸ் மோட்டார் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. 5 ஹெச்பி, நான்கு துருவம், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் ஒன்றை ஐஇ3 என்ற செயல்திறன் தரத்துக்குக் கொண்டுவர முயன்று வருகிறோம். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 12615 இந்த அளவுக்கு 88.4 சதவீதச் செயல்திறனைக் கேட்கிறது. அப்படியென்றால் மொத்த இழப்பு ஏறத்தாழ 485 வாட்டைத் தாண்டக் கூடாது. செம்பிழப்பை, அதாவது கம்பிச் சுருளின் மின்தடையில் வீணாவதை, கணக்கிட்டால் சோதனையிலும் கிட்டத்தட்ட அதே எண் வருகிறது. இரும்பிழப்பு, அதாவது மாறும் காந்தப்புலத்தால் இரும்புத் தகடுகளில் வீணாவது, மட்டும் ஒத்துவரவில்லை.

ஸ்டேட்டரின் (சுழலாத வெளிப்பகுதி) வெளிவிட்டம் 175 மி.மீ., உள்விட்டம் 110 மி.மீ., கோர் நீளம் 130 மி.மீ., ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்) 36. தகடு எம்470-50ஏ, அதாவது 0.5 மி.மீ. தடிமன் கொண்டது, 1.5 டெஸ்லாவில் 50 ஹெர்ட்ஸில் கிலோவுக்கு 4.7 வாட்டுக்கு மேல் இழக்காது. யோக் (பற்களுக்கு வெளியே உள்ள வளையப் பகுதி) 7.8 கிலோ, அங்கே காந்தப்பாய அடர்த்தி 1.5 டெஸ்லா. பற்கள் (ஸ்லாட்டுகளுக்கு இடையே நிற்பவை) 2.8 கிலோ, அங்கே 1.7 டெஸ்லா. அடர்த்தியின் இருபடிக்கு ஏற்பப் பற்களின் இழப்பை உயர்த்திக் கணக்கிட்டால் யோக்கில் 37, பற்களில் 17 என மொத்தம் சுமார் 54 வாட் வருகிறது. சுமையில்லாச் சோதனையிலோ 110 வாட். இரண்டு மடங்குக்கும் மேலான இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பீளமேடு_டெஸ்டிங்:

வணக்கம். கணக்குப் போட்ட விதத்தில் குறை இல்லை. காரணத்தைத் தேடுவதற்கு முன் 110 என்ற எண்ணை எந்த வழியில் பிரித்தெடுத்தீர்கள் என்பதை விவரமாக எழுதுங்கள். மீட்டரை நேரடியாக இணைத்தீர்களா, சிடி (மின்னோட்ட மின்மாற்றி) வழியாகவா? பேரிங் சூடேறி நிலைப்படும் வரை ஓடவிட்டீர்களா? உராய்விழப்பை அனுமானமாகக் கழித்தீர்களா, வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்துக் கண்டுபிடித்தீர்களா? இவை தெரியாமல் தகட்டைக் குறை சொல்வது நியாயமாகாது.

கணபதி_பட்டறை:

நன்றி ஐயா. பவர் அனலைசரை சிடி இல்லாமல் நேரடியாக இணைத்தோம். அரை மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகளுக்குள் 3 சதவீதத்துக்கு மேல் மாற்றம் இல்லை என்று உறுதி செய்த பிறகே குறித்துக்கொண்டோம்.

415 வோல்டில் சுமையில்லா மின்னோட்டம் 3.6 ஆம்பியர், உள்வாங்கிய திறன் 215 வாட். சோதனை முடிந்த கையோடு அளந்த இரு முனைகளுக்கிடைப்பட்ட மின்தடை 3.3 ஓம். ஸ்டேட்டர் செம்பிழப்பு 64 வாட்டைக் கழித்தால் எஞ்சுவது 151 வாட். பிறகு டிம்மர்ஸ்டாட்டில் வோல்டேஜைக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் செம்பிழப்பைக் கழித்துப் பார்த்தபோது 208 வோல்டில் 66, 166 வோல்டில் 57, 125 வோல்டில் 50 வாட் எஞ்சின. இவற்றை வோல்டேஜின் இருபடிக்கு எதிராக வரைந்து, கோட்டைச் சுழி வோல்டேஜ் வரை நீட்டினால் 41 வாட்டில் வெட்டுகிறது. அதை உராய்வும் காற்றிழப்பும் என்று கொண்டு 151 இலிருந்து கழித்தோம், 110 கிடைத்தது.

பீளமேடு_டெஸ்டிங்:

முறையாகச் செய்திருக்கிறீர்கள். மோட்டார் சோதனைக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60034-2-1 சொல்லும் வழி இதுதான். உங்கள் மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. 125 வோல்டுக்குக் கீழே போகாமல் நிறுத்தியதும் சரி; அதற்குக் கீழே நழுவல் (உள்ளே சுழலும் ரோட்டார் காந்தப்புலத்தைவிடப் பின்தங்குவது) கூடி ரோட்டாரின் செம்பிழப்பு உள்ளே நுழையும், கோடு வளைந்து உராய்வைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

சிடி பற்றி ஏன் கேட்டேன் என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மோட்டாரின் சுமையில்லாத் திறன்காரணி, அதாவது வோல்ட்-ஆம்பியரில் உண்மையான வாட்டாகும் பங்கு, 0.083. இந்த நிலையில் மின்னோட்டத்துக்கும் வோல்டேஜுக்கும் இடையிலான கோணத்தை மீட்டர் அரைப் பாகை தவறாக எடுத்துக்கொண்டால் போதும், திறன் அளவீட்டில் 22 வாட் பிழை வந்துவிடும். நாம் தேடுவதே 110 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓர் அரைப் பாகையில் காணாமல் போய்விடும். அதனால்தான் பழைய சோதனைக்கூடங்களில் தாழ் திறன்காரணிக்கென்றே தனி வாட்மீட்டர் வைத்திருந்தார்கள். இரண்டு வாட்மீட்டர் முறையில் ஒன்று எதிர்த்திசையில் காட்டும், அதன் இணைப்பை மாற்றிப் படித்துக் கழிக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே 110 நம்பத்தக்க எண். இப்போது 54 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 4.7 வாட் என்பது தகட்டின் இழப்பை அளக்கும் எப்ஸ்டைன் சட்டகம் என்ற சாதனத்தில் அளந்தது. 30 மி.மீ. அகலமுள்ள பட்டைகள், பாதி உருட்டுத் திசையிலும் பாதி அதற்குக் குறுக்கிலும் வெட்டப்பட்டவை, தூய சைன் அலை, காந்தப்பாயம் முன்னும் பின்னும் மட்டுமே போய்வரும். உங்கள் மோட்டாருக்குள் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பல்லின் சராசரி அகலமே 5 மி.மீ.தான். பல்லும் யோக்கும் சேரும் இடத்தில் காந்தப்பாயம் திசை மாறிச் சுழல்கிறது. சுழலும் புலத்தில் அதே உச்ச அடர்த்திக்கு இழப்பு கூடுதல்.

கணக்குக்கான அடிப்படையையும் நினைவூட்டுகிறேன். மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் 1892இல் காந்தத் தயக்க இழப்பு (இரும்பின் காந்தத் திசை மாறி மாறித் திரும்புவதில் வீணாவது) அடர்த்தியின் 1.6ஆம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்று கண்டார். நம் ஊர்ப் பட்டறைகளின் டிசைன் தாள்களில் அந்த 1.6 இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். 1 டெஸ்லா வரையில் அது பரவாயில்லை, 1.5, 1.7 என்று நாம் ஓட்டும் இடத்தில் அடுக்கு 2ஐ ஒட்டியும் அதைத் தாண்டியும் போகிறது. உங்கள் அளவீடே அதற்குச் சாட்சி: பாதி வோல்டேஜில் இரும்பிழப்பு 25 வாட், முழு வோல்டேஜில் 110. விகிதம் 4.4, அடுக்கு 2.1க்கு மேல்.

சுழல் மின்னோட்ட இழப்பு (தகட்டுக்குள்ளேயே சுழலும் மின்னோட்டத்தால் வீணாவது) அதிர்வெண், அடர்த்தி, தகட்டின் தடிமன் ஆகிய மூன்றின் இருபடிக்கும் ஏற்ப உயரும். 0.5 மி.மீ. தகட்டில், 1.5 டெஸ்லாவில், மின்தடைமை 45 மைக்ரோ ஓம் செ.மீ. என்று கொண்டால் கிலோவுக்கு 0.67 வாட்தான் வருகிறது. விலை குறைவென்று 0.65 மி.மீ. தகட்டை எடுத்தால் இந்தப் பகுதி மட்டும் 1.69 மடங்காகும். இவ்விரண்டையும் கூட்டினாலும் அளந்த மதிப்பு எட்டாது. எஞ்சுவதைக் காந்த மண்டலச் சுவர்களின் நகர்வோடு இணைத்து இயற்பியலாளர் பெர்ட்டோட்டி 1988இல் விளக்கினார். அது அதிர்வெண்ணின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்பச் செல்லும். தகட்டுச் சான்றிதழின் 4.7இல் இம்மூன்றும் ஏற்கெனவே அடக்கம். எனவே உங்கள் 56 வாட் இடைவெளி தகட்டினுடையது அல்ல. தகடு மோட்டாராக மாறும் வழியில் சேர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. சுமையில்லாச் சோதனையில் இரும்பிழப்பு என்று நாம் பெயரிடுவதில் ரோட்டார் மேற்பரப்பின் இழப்பும் சேர்ந்தே வருகிறது. ரோட்டார் நொடிக்கு 25 சுற்றுச் சுற்றும்போது அதன் மேற்பரப்பு 36 ஸ்டேட்டர் ஸ்லாட்டுகளையும் கடக்கிறது. அங்கே அலைவு 900 ஹெர்ட்ஸ். இது உங்கள் 54இல் அறவே இல்லை.

சிட்கோ_ஸ்டாம்பிங்:

ஐயா எழுதியதற்குத் தொழில் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். குறிச்சி சிட்கோவில் மோட்டார் தகடுகளை ஸ்டாம்பிங் அடிக்கிறோம். டை (தகட்டை வெட்டும் அச்சு) வெட்டும் விளிம்பில் தகடு நசுங்கி இறுகுகிறது. காந்தக் குணம் அங்கே கெடுகிறது. இந்தப் பாதிப்பு விளிம்பிலிருந்து உள்ளே பரவுவதால், யோக்கில் பெரும்பகுதி தப்பிவிடும். இரு பக்கமும் வெட்டுப்பட்ட 5 மி.மீ. பல்லில் தப்புவதற்கு நல்ல இரும்பே மிஞ்சாது. அடித்த பின் 750 பாகை செல்சியஸ் அளவில் காற்றுப் புகாத உலையில் அனீல் செய்தால் (சூடாக்கி மெல்ல ஆறவிட்டால்) பெரும்பகுதி மீளும். ஆனால் அனீலிங்கைத் தாங்கும் பூச்சு உள்ள தகடாக இருக்க வேண்டும். சாதாரண வார்னிஷ் பூச்சு கருகிவிடும்.

இரண்டாவது பர், அதாவது வெட்டு விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர். தங்கள் ஸ்டாம்பிங்கில் பர் எவ்வளவு என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? 0.05 மி.மீ.க்குள் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் அடுத்த தகட்டின் பூச்சைக் குத்திக்கொண்டு ஒட்டும். தகடு தகடாகப் பிரித்ததன் பயனே போய்விடும். அடுக்கிய பிறகு ஸ்லாட்டுக்குள் அரம் போட்டுத் தேய்ப்பதும், வெளிவிட்டத்தில் வெல்டிங் வைத்துப் பிணைப்பதும், வார்ப்புக் கூட்டுக்குள் இறுக்கி அடிப்பதும் ஒவ்வொன்றும் சில வாட்டைக் கூட்டும். கடைசியாகச் சொன்ன இறுக்கத்தைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அழுத்தத்துக்குள்ளான இரும்பு கூடுதலாக இழக்கும்.

கணபதி_பட்டறை:

அண்ணா, பர் இன்று பார்த்தோம். ஸ்லாட் வாயருகே 0.08 மி.மீ. இருக்கிறது. ரோட்டாரைக் காற்றிடைவெளிக்காக லேத்தில் கடைசியாகக் கடைகிறோம். ஒரே டிப்பில் (கடையும் கருவியின் முனை) நிறைய ரோட்டார் ஓடுகிறது என்பதும் உண்மை.

சிட்கோ_ஸ்டாம்பிங்:

அப்படியானால் ரோட்டாரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நன்றாகக் கடைந்த ரோட்டாரில் தகட்டுக் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். மழுங்கிய டிப்பில் கடைந்தால் இரும்பும் அலுமினியமும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுபட்டுப் பூசினாற்போல் பளபளவென்று இருக்கும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்தப் பளபளப்புத்தான் 900 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் ஓடுவதற்குப் போட்டுக்கொடுத்த பாதை.

சூலூர்_வைண்டர்:

இத்தனை காரணங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல், ஸ்டேட்டரையும் ரோட்டாரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எங்களைப் போன்ற ரீவைண்டிங் கடைக்காரர்களிடம் ஒரு வழி உண்டு. வெறும் ஸ்டேட்டர் கோரை எடுத்துக்கொண்டு, தடித்த கேபிளை உள்ளே விட்டு வெளியே எடுத்து யோக்கைச் சுற்றி 20 சுற்றுப் போடுங்கள். ஒரு சுற்றுக்கு வேண்டிய வோல்டேஜ், 4.44 × அதிர்வெண் × அடர்த்தி × யோக்கின் குறுக்குப்பரப்பு. உங்கள் கோரில் யோக் உயரம் சுமார் 16.5 மி.மீ., அடுக்குக் குணகம் (அடுக்கில் உண்மையான இரும்பின் பங்கு) 0.95 என்றால் பரப்பு 2,038 சதுர மி.மீ.; 1.5 டெஸ்லாவுக்குச் சுற்றுக்கு 0.68 வோல்ட், 20 சுற்றுக்கு 13.6 வோல்ட். வோல்ட் குறைவு, ஆம்பியர் 20 வரை இழுக்கலாம். கேபிள் தாங்க வேண்டும்.

வாட்மீட்டரின் வோல்டேஜ் முனைகளை இந்தக் கேபிளில் கொடுக்காதீர்கள். மெல்லிய வயரில் தனியாக 20 சுற்றுப் போட்டு அதில் கொடுங்கள். அப்போது கேபிளின் செம்பிழப்பு கணக்கில் வராது, இரும்பு இழப்பது மட்டுமே தெரியும். பற்களில் காந்தப்பாயம் போகாது, ரோட்டாரும் உள்ளே இல்லை. ஆகவே கிடைப்பது யோக்கின் இழப்பு மட்டுமே.

நாங்கள் இதைச் செய்வது வேறொரு காரணத்துக்காக. எரிந்த மோட்டாரில் பழைய காயிலை எடுக்கப் பலர் ஸ்டேட்டரையே விறகு நெருப்பில் வைத்து எரிக்கிறார்கள், அல்லது கேஸ் டார்ச்சைக் காட்டுகிறார்கள். வெப்பம் 360 பாகையைத் தாண்டினால் தகடுகளுக்கிடையே உள்ள பூச்சு கெடத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதுக் காயில், புது வார்னிஷ், மோட்டார் ஓடும். ஆனால் இரும்பு அன்று முதல் கூடுதலாகச் சுடும், விவசாயி இரண்டாம் முறை மூன்றாம் முறை காயில் கட்ட வருவார். எரிப்பதற்கு முன்னும் பின்னும் இந்தச் சோதனையைச் செய்து, வாட் 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தாலோ, ஓரிடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிட 10 பாகை கூடுதலாகச் சுட்டாலோ அந்தக் கோரை நான் கட்டித் தருவதில்லை. இதற்காக வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாலும் எனக்குச் சம்மதமே.

உடுமலை_மில்:

எங்கள் நூற்பாலையில் ரிங் ஃபிரேம் மோட்டார்கள் இரவு பகலாக ஓடுகின்றன. சுமை கூடினாலும் குறைந்தாலும் இரும்பிழப்பு பெரிதாக மாறாது என்பதால் எங்களுக்கு இது பெரிய செலவு. 100 வாட் கூடுதலாக இழக்கும் மோட்டார் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 800 யூனிட் வீண். மோட்டாரைக் கழற்றாமல் பேனலில் உள்ள மீட்டரிலேயே சுமையில்லாத் திறனை அளந்து, ரீவைண்டிங்குக்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடியுமா?

பீளமேடு_டெஸ்டிங்:

பேனல் மீட்டரில் வேண்டாம். வகுப்பு 1 சிடி அதன் மதிப்பு மின்னோட்டத்தில் 5 சதவீதம் மட்டும் ஓடும்போது 180 நிமிடக் கோணப்பிழை, அதாவது 3 பாகை வரை அனுமதிக்கப்பட்டது. மேலே சொன்ன 5 ஹெச்பி மோட்டாரிலேயே 3 பாகைக்கு 135 வாட் பிழை வரும். நேரடியாக இணைக்கும் மீட்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அளப்பதே மேல். வோல்டேஜையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். 410 வோல்டில் எடுத்த அளவீட்டையும் 430இல் எடுத்ததையும் ஒப்பிட்டால் ரீவைண்டிங்கைப் பற்றி எதுவும் தெரியாது.

பல்லடம்_சப்மெர்சிபிள்:

எங்கள் பக்கம் ஆயிரம் அடி ஆழ்குழாய்க் கிணறுகள் சாதாரணம்; தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டார்களே எங்கள் தொழில். கணபதி நண்பர் செய்த முறையை எங்கள் இரு துருவ மோட்டாரில் செய்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழுவதே இல்லை. ரோட்டார் தண்ணீருக்குள் 3,000 சுற்றில் சுழல்வதால் உராய்வே பல நூறு வாட் வருகிறது. வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தாலே நழுவல் ஏறுகிறது. பேரிங்குக்குத் தண்ணீரே மசகு என்பதால் வெறுமனே ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

பீளமேடு_டெஸ்டிங்:

உங்கள் சிக்கல் இதில் மிகக் கடினமானது. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணைத் தேடுகிறீர்கள். உராய்வில் வரும் பிழை முழுவதும் இரும்பிழப்பின் தலையில் விழும். மூன்றைச் செய்து பாருங்கள். ஒன்று, ஒவ்வொரு புள்ளியிலும் வேகத்தை அளந்து, ரோட்டாரின் செம்பிழப்பையும் நழுவலிலிருந்து கணக்கிட்டுக் கழியுங்கள். உராய்வு வேகத்தின் இரண்டரை முதல் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, மோட்டாருக்குள் இருக்கும் தண்ணீரின் வெப்பநிலையை எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவில் வையுங்கள். தண்ணீர் சூடானால் பிசுக்குமை குறையும், உராய்வும் குறையும். மூன்று, முடிந்தால் மின்சாரம் கொடுக்காமல், தண்ணீர் நிரப்பியபடியே இன்னொரு மோட்டாரால் அதைச் சுழற்றி, முறுக்குவிசை அளவியில் உராய்வை நேரடியாக அளந்துவிடுங்கள். மூன்றாவதுதான் நான் நம்புவது.

இன்னொரு செய்தி. கிராமத்து லைனில் பகலில் 350 வோல்டும், சுமை குறைந்த இரவில் 440க்கு மேலும் வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆறு அங்குலக் குழாய்க்குள் அடங்க வேண்டும் என்பதால் உங்கள் யோக் ஏற்கெனவே ஒடுக்கம். 415இல் நிறைவுற்று நிற்கும் இரும்பை 440க்குத் தள்ளினால் இரும்பிழப்பு மட்டுமல்ல, காந்தமாக்கும் மின்னோட்டமும் அதனால் செம்பிழப்பும் தாவி ஏறும். இரும்பிழப்பை 415இல் மட்டும் அளந்து நிறுத்தாமல் 110 சதவீத வோல்டேஜ் வரை எடுத்துவிடுங்கள்.

கணபதி_பட்டறை:

சூலூர் அண்ணன் சொன்னபடி வெறும் கோரில் சுற்றுப் போட்டு அளந்தோம். 1.5 டெஸ்லாவில் யோக் 48 வாட் காட்டியது. எங்கள் கணக்கு 37. ஆகவே பற்களிலும் ரோட்டார் மேற்பரப்பிலும் சேர்ந்து 62 வாட் போகிறது. அங்கே எங்கள் கணக்கு 17 மட்டுமே. பிறகு அதே ஸ்டேட்டரில், புதிய கார்பைடு டிப்பில் மெல்லியதாகக் கடைந்த ரோட்டாரைப் போட்டுச் சோதித்தோம். உராய்வு அதே 41 வாட். இரும்பிழப்பு 110 இலிருந்து 94 ஆகக் குறைந்தது. காற்றிடைவெளி மாறிவிடாதபடி ஒரே விட்டத்துக்குக் கடைந்திருக்கிறோம்.

டையைச் சாணை பிடித்து, பர் 0.03 மி.மீ.க்கு வந்த பிறகு புதிய கோர் ஒன்றை அடுக்கினோம். யோக் 42, மொத்தம் 84 வாட். எங்கள் கணக்கோடு ஒப்பிட்டால் விகிதம் 1.6. இனி டிசைன் தாளில் தகட்டுச் சான்றிதழின் மதிப்பை 1.6 ஆல் பெருக்கிக்கொள்ளலாமா?

பீளமேடு_டெஸ்டிங்:

மிக நல்ல வேலை, தம்பி. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் மோட்டார் செய்த ஊர் இது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம்மில் பலர் யாரோ எழுதிவைத்த குணகத்தைக் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் குணகத்தை நீங்களே அளந்து எடுத்திருக்கிறீர்கள்.

பயன்படுத்தும்போது மொத்தத்துக்கும் ஒரே 1.6 போடாதீர்கள். யோக்குக்கு 1.15 போதும் என்று உங்கள் அளவீடே காட்டுகிறது. பற்களுக்கும் ரோட்டார் மேற்பரப்புக்கும் சேர்த்து 42 வாட் போகிறது, அதாவது பற்களின் கணக்கைப்போல் இரண்டரை மடங்கு. கோர் நீளத்தை மட்டும் மாற்றினால் இந்த இரண்டும் செல்லும்; ஸ்லாட் எண்ணிக்கையையோ காற்றிடைவெளியையோ மாற்றினால் இரண்டாவது குணகத்தை மறுபடி அளக்க வேண்டும்.

முழுச் சுமையில் செயல்திறனைக் கணக்கிடும்போது 84ஐ அப்படியே எடுக்கவும் கூடாது. ஸ்டேட்டர் மின்தடையில் விழும் வோல்டேஜைக் கழித்த பிறகு இரும்பு உணர்வது 415 அல்ல. 7.3 ஆம்பியர், 0.84 திறன்காரணி, சூடான நிலையில் 3.9 ஓம் என்று வைத்தால் அது சுமார் 394 வோல்ட். இரும்பிழப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்து 76 வாட்டை ஒட்டி வரும். ஐஇ3 விளிம்பில் நிற்கும் மோட்டாருக்கு இந்த 8 வாட்டும் உங்களுடையதுதான், விட்டுவிடாதீர்கள்.

சிட்கோ_ஸ்டாம்பிங்:

இந்த 84 வாட் 0.03 மி.மீ. பர் உள்ள கோருக்குரியது. அடி ஏற ஏற டை மழுங்கும், பர் மறுபடி வளரும். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு தகட்டை எடுத்து ஸ்லாட் வாயருகே மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள், 0.05ஐத் தொட்டதும் டையைக் கழற்றிச் சாணைக்கு அனுப்பிவிடுங்கள். சாணையிலிருந்து வந்த முதல் கோரில் 20 சுற்றுச் சோதனையைச் செய்து யோக் வாட்டை டை எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் எழுதி வையுங்கள். எந்த டையில் எந்த லாட் கெட்டது என்று பின்னர் தேட வேண்டியிருக்காது.